கிரேக்க புராண வீரர் மினியேச்சர் சேக்கப் போறீங்களா: எந்த கதை, எந்த காலம், எந்த சைஸ்

கிரேக்க புராண வீரர்கள மினியேச்சரா சேக்கலாம்னு நெனைக்கறவங்க மொதல்ல கேக்கற கேள்வி "எந்த கம்பெனி நல்லது"ங்கறதுதான். என்னைய கேட்டா அது கடைசியா கேக்க வேண்டியது. அதுக்கு முன்னாடி மூணு விஷயம் முடிவாகணும்: எந்த கதை, எந்த காலத்து கவசம், எந்த சைஸ். இது மூணும் முடிவாகாம கண்ணுல பட்டதெல்லாம் வாங்கினா அலமாரில 54 மில்லிமீட்டர் அக்கிலிஸ் நிப்பாரு, பக்கத்துல அவரு இடுப்பு உயரத்துக்கு அவரு எதிரி ஹெக்டர் நிப்பாரு, ஒருத்தர் வெண்கலக் கால கவசத்துல, இன்னொருத்தர் அதுக்கு எழுநூறு வருஷம் கழிச்சு வந்த கவசத்துல, ரெண்டு பேரும் ஒரே சண்டைல இருக்காங்கன்னு பாக்கறவங்களுக்கு தோணவே தோணாது. நல்ல நல்ல பீஸா வாங்கியும் கலெக்ஷன் கலெக்ஷனாவே தெரியாம போறது இப்படித்தான்.

மொதல்ல கதை. ஹெர்குலிஸோட 12 சாகசம், பெர்சியஸ் - மெடூசா, ஜேசன் கூட கப்பல்ல போன அம்பது பேர் கூட்டம், தீப்ஸ் கோட்டையோட ஏழு வாசலுக்கு ஏழு தளபதிங்க வந்த கதை, ட்ராய் போர், இப்படி நெறைய இருக்கு. இதுல ஹெர்குலிஸ், பெர்சியஸ் கதையெல்லாம் ஒரு வீரன் ஒரு மிருகம்னு போகும், டிஸ்ப்ளேக்கு அருமையா இருக்கும் ஆனா அது சிப்பாய் கலெக்ஷன் ஆகாது, பன்னெண்டு தனித்தனி காட்சி ஆகும். தீப்ஸ் கதை எனக்கு ரொம்ப பிடிக்கும், ஏழு வாசல், வெளிய ஏழு பேர், உள்ள ஏழு பேர், பதினாலு பீஸ்ல முடிஞ்சுடற மாதிரி அவ்ளோ அழகா அமைஞ்ச கதை, ஆனா இத முழு செட்டா போடற ஆள தேடி கண்டுபிடிக்கறது கஷ்டம், சாதாரண ஹாப்லைட் வீரர்கள, அதாவது ஈட்டியும் வட்டக் கேடயமுமா நிக்கற கிரேக்க காலாட்படை ஆளுங்கள, வாங்கி தலைய மாத்தி கேடயத்துல படம் வரைஞ்சு நீங்களேதான் பண்ணிக்கணும். ஜேசன் கூட்டத்துக்கும் கிட்டத்தட்ட அதே நெலம, முக்கியமான நாலஞ்சு பேர் கெடைப்பாங்க, மீதி பேருக்கு கைவேலைதான்.

ட்ராய் நகரத்து மேல கிரேக்கர்கள் படையெடுத்த கதை, கிரேக்கர் பக்கம் அக்கிலிஸ், அஜாக்ஸ், ஒடிசியஸ், மெனலாவஸ், ட்ராய் பக்கம் ஹெக்டர், பாரிஸ். இது மட்டும்தான் ரெண்டு பக்கமும் படை, ரெண்டு பக்கமும் பேர் சொல்ற ஆளுங்க, தேர், கப்பல், கோட்டை, மரக்குதிரைன்னு எல்லாம் சேந்து வர்ற கதை. கம்பெனிங்களும் அதிகமா போட்டிருக்கறது இததான். அதனால சிப்பாய் சேக்கணும்னு கெளம்பறவங்களுக்கு ட்ராய்லேர்ந்து ஆரம்பிங்கன்னுதான் சொல்லுவேன், மத்த கதைங்கள அப்பறம் தனி தட்டுல வெச்சுக்கலாம்.

அடுத்தது காலம், இதுலதான் நெறைய பேர் யோசிக்காம கடந்து போயிடறாங்க. ட்ராய் வீரர்களுக்கு ரெண்டு வித தோற்றம் இருக்கு. ஒண்ணு, கிரேக்க பானை ஓவியத்துல நாம பாக்கறது: மூஞ்சிய மூடற கொரிந்திய ஹெல்மெட், தலைக்கு மேல குதிரைமுடி கொண்டை, கிட்டத்தட்ட 90 சென்டிமீட்டர் அகலத்துல வட்டக் கேடயம், முழங்காலுக்கு கீழ வெண்கலத் தகடு. இது கிமு 700க்கு அப்பறம் வந்த ஹாப்லைட் உடை. பானை வரைஞ்சவங்க அவங்க வாழ்ந்த காலத்து உடைய அக்கிலிஸுக்கும் அஜாக்ஸுக்கும் போட்டு வரைஞ்சுட்டாங்க, எக்ஸீகியாஸ் கிமு 540 - 530 வாக்குல வரைஞ்ச அந்த ஜாடி இப்ப வாட்டிகன்ல இருக்கு, அக்கிலிஸும் அஜாக்ஸும் ஈட்டிய கையில பிடிச்சுக்கிட்டே பலகை வெளையாட்டு ஆடற படம், அந்த தோற்றம்தான் இன்னைக்கு வரைக்கும் நம்ம மனசுல ஒட்டிக்கிட்டு இருக்கு.

இன்னொண்ணு வெண்கலக் கால தோற்றம். போர் நிஜமாவே நடந்திருந்தா கிமு 1200 சுத்துவட்டாரத்துல நடந்திருக்கணும், பழைய காலத்து அறிஞர் எரடோஸ்தனீஸ் கணக்குப்படி ட்ராய் விழுந்தது கிமு 1184. அந்த காலத்து மைசீனிய வீரன், அதாவது வெண்கலக் கால கிரேக்கன், பாக்கறதுக்கே வேற மாதிரி இருப்பான்: காட்டுப்பன்றியோட கோரைப்பல்ல வரிசையா அடுக்கி தச்ச ஹெல்மெட், எட்டு வடிவ கேடயம், இல்லன்னா ஆள் உயர கேடயம், கொஞ்ச பேருக்கு உடம்பு முழுக்க வெண்கலத் தகடு. தெந்திராங்கற ஊர்ல 1960ல ஒரு கல்லறைலேர்ந்து அப்படி ஒரு முழு கவசம் எடுத்தாங்க, கிமு 15ஆம் நூற்றாண்டோடது, இப்ப நாஃப்ளியோ மியூசியத்துல இருக்கு. அத போட்டுக்கிட்டு சண்டை போடவே முடியாது, சடங்குக்கு செஞ்சதா இருக்கும்னு ரொம்ப நாள் பேச்சு இருந்துச்சு. 2024ல ஒரு ஆய்வு வந்துச்சு, கிரேக்க கடற்படை வீரர்கள் 13 பேருக்கு அதே மாதிரி செஞ்ச கவசத்த மாட்டி 11 மணி நேரம் போர்ப் பயிற்சி மாதிரி பண்ண வெச்சாங்க, தாக்குப்பிடிச்சுட்டாங்க. இத படிச்சதுக்கு அப்பறம் தெந்திரா கவசம் போட்ட மினியேச்சர் ஒண்ண கையில எடுத்துப் பாருங்க, அந்த கழுத்துப் பட்டையும் தோள்பட்ட தகடும் வெறும் அலங்காரமா தெரியாது.

இலியட்ங்கற ட்ராய் போர் காவியத்த பாடின ஹோமரே ரெண்டு காலத்தையும் கலந்துதான் பாடியிருக்காரு. இலியட் பத்தாவது பாட்டுல ஒடிசியஸுக்கு அந்த பன்றிப்பல் ஹெல்மெட்ட மாட்டி விடறாங்க, ஏழாவது பாட்டுல அஜாக்ஸ் ஏழு மாட்டுத்தோல் அடுக்கின கோபுரம் மாதிரி கேடயத்தோட வர்றாரு, ரெண்டுமே பழைய வெண்கலக் காலத்து நினைவு, மத்த எடத்துல அவரு வாழ்ந்த காலத்து பழக்கமெல்லாம் நொழைஞ்சு கெடக்கு. அதனால எது சரின்னு கோர்ட்டு தீர்ப்பு மாதிரி யாரும் சொல்ல முடியாது. ஆனா ஒரே தட்டுல ரெண்டையும் நிறுத்தினா கண்ணு உறுத்தும், ஒண்ண தேர்ந்தெடுத்துட்டு அதுலயே நில்லுங்க.

என் ஓட்டு வெண்கலக் காலத்துக்கு. காரணம் சிம்பிள், வட்டக் கேடயம் கொரிந்திய ஹெல்மெட் வீரன் மாரத்தான் சண்டைக்கும் தெர்மோபிலேவுக்கும் பெலோபொன்னேசியப் போருக்கும் ஒரே மாதிரி பொருந்துவான், ட்ராய்க்கே உரிய முகம் அவனுக்கு கிடையாது. பன்றிப்பல் ஹெல்மெட் மாட்டினவன பாத்த உடனே இது அந்த பழைய உலகம்னு தெரிஞ்சுடும். ஆனா ஒண்ணு, பானை ஓவிய தோற்றம்தான் உங்களுக்கு பிடிக்குதுன்னா அதுல வசதி ரொம்ப அதிகம், ஹாப்லைட் வீரர்கள் எல்லா சைஸ்லயும் எல்லா மெட்டீரியல்லயும் கொட்டிக் கெடக்கறாங்க, வெண்கலக் காலம் அப்படி இல்ல, தேடணும்.

சரி சைஸுக்கு வருவோம், இங்கதான் காசும் எடமும் நேரமும் எல்லாம் தீர்மானமாகுது.

1/72 ஸ்கேல், அதாவது ஆள் உயரம் சுமார் 24 மில்லிமீட்டர், மெத்து பிளாஸ்டிக். சின்ன பாக்ஸ்ல நாப்பது பேர் கிட்ட இருப்பாங்க, வெளிநாட்டுல பத்து பதினஞ்சு டாலருக்குள்ள கெடைக்கற சமாச்சாரம். தைவான்ல இருக்கற சீசர் கம்பெனி ட்ராய் படை ஒரு செட்டு, மைசீனிய படை ஒரு செட்டுன்னு தனித்தனியா போட்டுச்சு, ரெண்டுமே வெண்கலக் கால தோற்றம், ரெண்டும் ஒரே கை வேலைங்கறதால பக்கத்துல பக்கத்துல நிறுத்தினா அளவு பொருந்தும். அவங்களே ஹிட்டைட் (இப்ப துருக்கி இருக்கற எடத்துல அப்ப இருந்த பேரரசு) படையும் ஹிட்டைட் தேரும் போட்டிருக்காங்க, அத ட்ராய் பக்கம் நிறுத்தினா தப்பே இல்ல, ஏன்னா ட்ராய்னு பெரும்பாலான ஆய்வாளர்கள் நெனைக்கற விலூசாங்கற ஊரோட ஹிட்டைட் ராஜா கிமு 13ஆம் நூற்றாண்டுல ஒப்பந்தம் போட்ட களிமண் பலகையே கெடச்சிருக்கு. ரஷ்யாவோட ஸ்வெஸ்டா போட்ட கிரேக்க காலாட்படை சிற்ப வேலைப்பாடுல அருமையா இருக்கும், ஆனா அது கிமு 5ஆம் நூற்றாண்டு ஹாப்லைட்டு, இவங்க கூட கலக்காதீங்க. பழைய சாமான் தேடறவங்களுக்கு 1970கள்ல இத்தாலி அட்லான்டிக் போட்ட மரக்குதிரை செட்டு ஒரு பொக்கிஷம், உடம்பு அமைப்பெல்லாம் கொஞ்சம் கோணல்மாணல்தான், அத வாங்கறது அந்த காலத்து பாக்ஸுக்காகவும் குதிரைக்காகவும்தான்.

இந்த சைஸோட பலம் கூட்டம். இலியட் ரெண்டாவது பாட்டுல வர்ற கப்பல் பட்டியல கூட்டினா 1186 கப்பல் வருது, அந்த பிரம்மாண்டத்த வீட்டு மேஜைல கொண்டு வரணும்னா இந்த சைஸ விட்டா வழி இல்ல. ஒரு நல்ல ஐடியா சொல்றேன்: பதினாறாவது பாட்டுல அக்கிலிஸ் 50 கப்பல் கொண்டு வந்தாரு, கப்பலுக்கு 50 பேர், மொத்தம் 5 தளபதிங்கன்னு கணக்கே இருக்கு. ஒரு பொம்மைக்கு ஒரு கப்பல் ஆளுங்கன்னு வெச்சுக்கிட்டா 50 பொம்மைல அக்கிலிஸோட மிர்மிடன் படை முழுசும் அடங்கிடும், கூட அஞ்சு தளபதிங்க, ஒரு அக்கிலிஸ், அவரு நண்பர் பட்ரோக்ளஸ், அதுக்கு ரெண்டு பாக்ஸ் போதும். பலவீனம் என்னன்னா முகம். 24 மில்லிமீட்டர்ல இவர்தான் ஹெக்டர்னு அடையாளம் காட்டறது கஷ்டம், செட்டுல பேர் போட்டு யாரும் வர மாட்டாங்க, கொண்டைய பெருசாக்கி, துணிக்கு தனி கலர் குடுத்து நீங்கதான் காட்டணும். இன்னொரு தொல்ல, மெத்து பிளாஸ்டிக்ல பெயின்ட் உரிஞ்சு வரும், மொதல்ல சோப்புத் தண்ணில கழுவி, வளையற மாதிரி ப்ரைமர் அடிச்சு, முடிஞ்சதும் வார்னிஷ் போட்டாதான் ஈட்டி முனைல பெயின்ட் நிக்கும்.

28 மில்லிமீட்டர். இது கேம் ஆடறவங்க வளத்தெடுத்த சைஸ், அதனால கேரக்டருங்க நெறைய. தலையும் கையும் கொஞ்சம் பெருசா செதுக்கியிருப்பாங்க, அது சில பேருக்கு பிடிக்காது, ஆனா அதனாலதான் ஒரு முழம் தள்ளி நின்னு பாத்தாலும் யாரு என்ன பண்றாருன்னு தெரியும். பிரிட்டிஷ் கம்பெனிங்க இதுல முன்னாடி நிக்கறாங்க. ரெடவுட்டோட உலோக வரிசைல ட்ராய் போருக்குன்னே தனியா ஆளுங்க உண்டு, ஃபவுண்ட்ரியும் கிரேக்க புராணத்துக்கு பேர் சொல்ற வீரர்கள போட்டிருக்காங்க. ஹாப்லைட் தோற்றம்னா விக்ட்ரிக்ஸோட கெட்டி பிளாஸ்டிக் பாக்ஸ் இருக்கு, கை, தலை, ஈட்டி எல்லாம் தனித்தனியா வரும், ஒட்டிக்கணும், தீப்ஸ் கதைய பண்ண ஆசப்படறவங்களுக்கு அது சரியான மூலப்பொருள். அமெரிக்காவோட குரோகடைல் கேம்ஸ் ஒலிம்பஸ் தெய்வங்கள வெச்சு ஒரு கேமும் மினியேச்சரும் போட்டாங்க, மாட்டுத்தலை மினோட்டார், பாதி குதிரை பாதி மனுஷன் சென்டார் வேணும்னா அந்த பக்கம் பாக்கலாம்.

ஆனா 28னு போட்டிருந்தா எல்லாம் ஒரே சைஸ்னு நம்பிடாதீங்க. பழைய உலோக பொம்மைங்க குட்டையா கட்டையா இருக்கும், இப்ப வர்றதுல சிலது 30, 32க்கே போயிடுது, ஒல்லியான விக்ட்ரிக்ஸ் ஆள பழைய ஃபவுண்ட்ரி ஆள் பக்கத்துல வெச்சா அண்ணன் தம்பி மாதிரி கூட இருக்காது. ஒரு படைக்கு ஒரு கம்பெனி, எதிர் படைக்கு வேணா வேற கம்பெனி, இப்படி பிரிச்சுக்கிட்டா வித்தியாசம் கண்ணுல படாது. போர்டு கேம்லேர்ந்து வர்ற பொம்மைங்களையும் இங்கயே சொல்லிடறேன், பிரான்ஸோட மோனோலித் கொண்டு வந்த மிதிக் பேட்டில்ஸ் பாந்தியான்ல கடவுள், மிருகம், வீரன்னு ஒரு பெரிய கூட்டமே இருக்கு, தலைக்கு கணக்கு போட்டா மலிவு, சிற்பமும் நல்ல துடிப்பா இருக்கும். ஆனா அது கற்பனை கவசம், எந்த காலத்தோடயும் ஒட்டாது, ட்ராய் தட்டுல வெக்காதீங்க, மிருகங்களுக்கு மட்டும் எடுத்துக்கோங்க.

54 மில்லிமீட்டர். பொம்மை சிப்பாய்னு சொன்னா பழைய கலெக்டர்களுக்கு நெனப்பு வர்ற சைஸே இதுதான், 1893ல இங்கிலாந்துல வில்லியம் பிரிட்டன் உள்ள வெற்றிடமா வார்க்கற முறைய கொண்டு வந்து ஈய சிப்பாய மலிவாக்கினதுலேர்ந்து இந்த அளவு நெலச்சுது. இப்ப பெயின்ட் அடிச்சே வர்ற கலெக்டர் பீஸுங்க பலது 1/30னு 60 மில்லிமீட்டர் பக்கம் போயிடுச்சு, அதையும் கவனிச்சு வாங்குங்க. பெயின்ட் அடிக்காத கிட்டுன்னா இத்தாலி சியெனாவோட பெகாசோ, ஸ்பெயினோட ஆந்த்ரேயா மாதிரி கம்பெனிங்க 54லயும் 75லயும் கிரேக்க வீரர்கள அவ்ளோ அழகா செஞ்சிருக்காங்க, தசை, தோல் வார், வெண்கலத்துல தட்டின அடையாளம் வரைக்கும் தெரியும். இந்த சைஸுக்கு மேல போனா படை சேக்கற எண்ணத்த விட்டுடணும், ஒரு பெயின்ட் பண்ண பீஸ் விலைக்கு 1/72ல ஒரு முழு படையே வந்துடும், கொஞ்சம் உசந்த ரஷ்ய கைவேலை பீஸுன்னா விலை எங்கயோ போகும்.

ஆனா புராணம்ங்கறது அடிப்படைல ரெண்டு ஆளுங்க எதிரெதிர நிக்கற கதைதானே. ஹெக்டர் - அஜாக்ஸ், ஹெக்டர் - அக்கிலிஸ், மெனலாவஸ் - பாரிஸ். மூணு ஜோடி, ஆறு பொம்மை, ஒரு கண்ணாடிப் பெட்டி. இப்படி யோசிக்கறவங்களுக்கு 54 தான் சரி, கூட்டமே வேண்டாம். பாக்கும்போது ஒரு விஷயம் கவனிங்க, சிற்பி கதைய படிச்சிருக்காரான்னு. பாரிஸ் இலியட் மூணாவது பாட்டுல தோள்ல சிறுத்தைத் தோலும் வில்லுமா வந்து நிப்பான், அது இல்லாம வெறும் அழகான பையனா இருந்தா பாரிஸ்னு பேர் மட்டும்தான் போட்டிருக்காங்கன்னு அர்த்தம். ஹெக்டரோட ஹெல்மெட் கொண்டை ஆடறத பாத்து அவரு கைக்குழந்தை பயந்து அழுவான், அந்த கொண்டை பெருசா இல்லாத ஹெக்டர் ஹெக்டரே இல்ல எனக்கு. அட்டைல இருக்கற பேர விட இந்த அடையாளங்கள நம்புங்க.

1/24, சுமார் 75 மில்லிமீட்டர். உக்ரைனோட மாஸ்டர் பாக்ஸ் இந்த அளவுல கிரேக்க புராணங்கள்னே ஒரு பிளாஸ்டிக் கிட் வரிசை விட்டாங்க, சென்டார், மெடூசா, பெர்சியஸ்லாம் உண்டு. ரெசினும் உலோகமும் இந்த சைஸ்ல விக்கற விலைக்கு இது எவ்ளோவோ கம்மி. ஹெர்குலிஸ் பெர்சியஸ் பக்கம் மனசு போறவங்களுக்கு மொத முயற்சிக்கு இத விட நல்லது தெரியல. படைக்கு ஆகாது, அவ்ளோதான்.

இப்ப நம்ம பக்கத்துல ரொம்ப பேர் கேள்விப்படாத ஒண்ணு: தட்டை வெள்ளீய பொம்மை. ஜெர்மன்காரங்களோட பழைய கலை. ஸ்லேட் கல்லுல முன்பக்கம் ஒண்ணு பின்பக்கம் ஒண்ணுன்னு உள்நோக்கி செதுக்கி, ரெண்டையும் சேத்துப் பிடிச்சு வெள்ளீயக் கலவைய உருக்கி ஊத்துவாங்க, வெளிய வர்றது ஒரு மில்லிமீட்டர் சொச்சம் தடிமன்ல ஒரு தகடு, ஆனா அதுல ஒரு குதிரை வீரனோட ஒவ்வொரு வாரும் கோடா இருக்கும். நூரெம்பெர்க்ல எர்ன்ஸ்ட் ஹைன்ரிக்சன் 1839ல ஆரம்பிச்ச பட்டறைதான் 30 மில்லிமீட்டர் அளவ நெலநிறுத்தினது, இன்னைக்கும் பெரும்பாலான தட்டை பொம்மைங்க அந்த அளவுலதான் வருது, அதனால யாரு செஞ்சத வாங்கினாலும் பக்கத்துல பக்கத்துல பொருந்தும், 28ல இருக்கற அந்த தலைவலி இங்க இல்ல. அந்த காலத்து ஜெர்மன் பள்ளிக்கூடத்துல ஹோமர் பாடமா இருந்ததால ட்ராய் போர் அங்க ரொம்ப பழைய சப்ஜெக்ட், ஹெக்டர் உடல தேருல கட்டி இழுக்கறது, கப்பலுக்கு தீ வெக்கறது மாதிரி காட்சி காட்சியா செதுக்கற மரபு அவங்க கிட்ட உண்டு, முப்பரிமாண பொம்மைல இந்த அளவுக்கு கதை வராது. குல்ம்பாக் ஊர்ல பிளாசன்பெர்க் கோட்டைக்குள்ள இதுக்குன்னே ஒரு மியூசியம், மூணு லட்சம் பொம்மை இருக்கு, ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ ஊரே சந்தையாகி உலகம் முழுக்க ஆளுங்க வந்து வாங்கி வித்துட்டு போவாங்க.

தட்டை பொம்மைக்கு எடம் வேண்டாம், ஒரு போட்டோ பிரேம் ஆழம் இருந்தா போதும், ஒரு கவர்ல பத்து இருபது பேர் வந்துடுவாங்க. கஷ்டம் பெயின்டிங்ல. முப்பரிமாண பொம்மைல நெழல் தானா விழும், இதுல வெளிச்சம் எங்கேர்ந்து வருதுன்னு நீங்க முடிவு பண்ணி நெழல வரையணும், ஒரு ஓவியனோட வேலை. ஆயில் பெயின்ட் பழகினவங்களுக்கு சொர்க்கம், புதுசா பிரஷ் பிடிக்கறவங்களுக்கு சோர்வு தட்டிடும். விக்கறவங்களும் சின்ன சின்ன தனியாளுங்க, லிஸ்ட் ஜெர்மன்ல இருக்கும், பொறுமை வேணும்.

கலர் பத்தி ஒரு வார்த்த, எந்த சைஸுக்கும் பொருந்தும். கிரேக்க சமாச்சாரம்னாலே வெள்ளை பளிங்கு, தங்க வெண்கலம்னு நெனச்சு மந்தமா அடிச்சுடறாங்க. எஜீனா தீவுல அஃபாயா கோயில் முகப்பு சிற்பங்கள் ரெண்டு பக்கமுமே ட்ராய் சண்டைதான், ஒண்ணு ஹெர்குலிஸ் காலத்து மொதல் படையெடுப்பு, இன்னொண்ணு இலியட்ல கிரேக்க படைக்கு தலைவரா வர்ற அகமெம்னானோடது, 1811ல தோண்டி எடுத்தது இப்ப ம்யூனிக்ல இருக்கு. அதுல இருக்கற வில்லாளிய ப்ரிங்க்மன்ங்கற ஆய்வாளர் குழு மிச்சமிருந்த தடயத்த வெச்சு பழைய நெறத்துல மறுபடி செஞ்சு காட்டினாங்க, கை கால் முழுக்க சிவப்பு நீலம் பச்சை மஞ்சள்ல கட்டம் கட்டமா கண்ண பறிக்கும். ட்ராய் பக்கத்து வில்லாளிங்களுக்கு அத அப்படியே எடுத்துக்கோங்க. அதே எஜீனாவுலதான் எறும்புங்க மனுஷங்களா மாறி மிர்மிடன் ஆனாங்கன்னு கதை, அவங்க ராஜா ஏயகஸோட பேரன்தான் அக்கிலிஸ், அதனால மிர்மிடன் படைக்கு கருப்பு சேந்த செம்பழுப்பு அடிச்சா கதையும் நிக்கும், தூரத்துலேர்ந்து படையையும் பிரிச்சு பாக்கலாம்.

மெட்டீரியல் ஆயுசு பத்தி சொல்லலன்னா குறையாயிடும். ஈயம் கலந்த பழைய பொம்மைங்க மேல வெள்ளையா மாவு பூக்கும், அது புளிச்ச அமில ஆவியால வர்றது, ஓக் மரம், புது ப்ளைவுட், எம்டிஎஃப் அலமாரிலாம் அந்த ஆவிய விடும். ஆசையா மர ஷோகேஸ் செஞ்சு மூடி வெச்சா அதுவே பொம்மைய தின்னும், கண்ணாடி, உலோகம், அக்ரிலிக் பெட்டிதான் பாதுகாப்பு. ஈய பொம்மைய தொட்டா கை கழுவுங்க, சின்ன புள்ளைங்க கைல குடுக்கவே குடுக்காதீங்க. இப்ப வர்ற உலோக பொம்மைங்க நெறைய ஈயம் இல்லாத வெள்ளீயக் கலவைதான், கேட்டு வாங்குங்க. பழைய மெத்து பிளாஸ்டிக் அம்பது வருஷத்துல மொறுமொறுன்னு ஆகி ஈட்டி கணுக்கால்லாம் தட்டினா உடையும், 70கள் செட்டு வாங்கறவங்க விக்கறவர் கிட்ட வளையுதான்னு கேட்டுக்கணும். ரெசின் நுணுக்கத்துல ராஜா, ஆனா வெயில் ஆகாது, கீழ விழுந்தா போச்சு.

வீட்டுலயே ரெசின் ப்ரின்ட்டர்ல எடுக்கற வழி இப்ப நல்லா வளந்துடுச்சு. கிரேக்க புராணத்துக்கு டிஜிட்டல் சிற்பிங்க நெறைய ஃபைல் விக்கறாங்க, ஒரே ஃபைல 28லயும் 54லயும் 75லயும் எடுத்துக்கலாங்கறது பெரிய சௌகரியம், பார்சலும் வேண்டாம் சுங்கமும் வேண்டாம். நம்ம ஊர்ல இது சின்ன விஷயம் இல்ல, பொம்மை இறக்குமதி வரிய 2020ல 20 சதவீதத்துலேர்ந்து 60 ஆக்கி 2023ல 70 ஆக்கினாங்க, ஸ்கேல் மாடலும் அதே தலைப்புலதான் வருது, 2021லேர்ந்து பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரையும் கட்டாயம், அதனால வெளிநாட்டு பார்சல் எப்ப வரும் என்ன கட்டணும்னு உறுதியா சொல்ல முடியாது. ஆனா ரெசின் கைல படக்கூடாது, கிளவுஸ், காத்தோட்டமான எடம், ஆல்கஹால்ல கழுவறது, யூவி லைட்டுல காய வெக்கறதுன்னு வேலை இருக்கு, படுக்கை அறைல வெச்சு பண்ற காரியம் இல்ல. ப்ரின்ட் ஆன ஈட்டி சீக்கிரம் ஒடியும், அத வெட்டிட்டு மெல்லிசு பித்தளை கம்பி வெச்சுடுங்க, எந்த சைஸுக்கும் எந்த கம்பெனி பொம்மைக்கும் நான் இததான் பண்றேன். இன்னொண்ணு, பெகாசோ ஆந்த்ரேயா பீஸுங்கள திருட்டுத்தனமா அச்செடுத்து நாலுல ஒரு பங்கு விலைக்கு விக்கற கடைங்க ஆன்லைன்ல இருக்கு, வாங்காதீங்க, செதுக்கினவருக்கு ஒரு காசு போகாது, அச்சுக்கு அச்சு எடுத்ததுல முகமும் மழுங்கியிருக்கும்.

சரி, எத வாங்கறது? பெயின்ட் அடிக்க தயாரா இருக்கறவங்களுக்கு என் பதில் ஒண்ணுதான்: 28 மில்லிமீட்டர், ட்ராய் போர், வெண்கலக் கால தோற்றம். ஆளோட முகமும் தெரியும், முப்பது நாப்பது பேர் சேந்தா படையும் தெரியும், ரெண்டும் ஒரே மேஜைல கெடைக்கற சைஸ் அது மட்டும்தான். காசு கம்மி, இல்ல வீட்டுல பத்து பன்னெண்டு வயசு புள்ளையும் கூட உக்காந்து பண்ணப் போகுதுன்னா 1/72ல அந்த மைசீனிய பாக்ஸும் ட்ராய் பாக்ஸும், வேற யோசனையே வேண்டாம். பிரஷ்ஷே தொட மாட்டேன்னா 54ல ஒரு ஜோடி மட்டும் நல்லதா வாங்குங்க, ஹெக்டரும் அக்கிலிஸும், ஒரே கம்பெனி, ஒரே காலம். ஓவியம் வரையற கை இருந்து, சுவத்துல மட்டும்தான் எடம் இருக்குன்னா தட்டை வெள்ளீயத்துக்கு போங்க, வருஷத்துக்கு ஒரு காட்சி முடிச்சாலே போதும்.

28 எடுக்கறவங்க மொத ஆர்டர்ல தேரும் மரக்குதிரையும் சேக்காதீங்க, ரெண்டும் விலையும் அதிகம், வேலையும் அதிகம், பாதில நின்னுடும். பேர் சொல்ற ஆளுங்க ஒரு பக்கத்துக்கு நாலு பேர், கூட ஈட்டிக்காரங்க ஒரு பக்கத்துக்கு எட்டு பேர், வில்லாளி ட்ராய் பக்கத்துக்கு மட்டும் நாலு பேர். மொதல்ல ஈட்டிக்காரங்கள முடிங்க, வெண்கலத்துக்கு எந்த பழுப்பு, எந்த மஞ்சள்னு கை பழகினதுக்கு அப்பறம் அஜாக்ஸ எடுங்க, அவரு கேடயத்துல ஏழு தோலுக்கும் ஓரம் ஓரமா கொஞ்சம் கொஞ்சம் வேற பழுப்பு குடுங்க, அது முடிஞ்சதும் அடுத்த ஆர்டர்ல தேர் போடலாம்.